மறுபடியுமா?

பரீட்சையில் ஃபெயிலாவது ஒரு கஷ்டமே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே டிபன் பாக்ஸோடு அதே ஆபீஸுக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார வேண்டும் பாருங்கள்... அதுதான் கஷ்டம்!

இலாகா பரீட்சையில் நான் கவிழ்ந்தது 1996-ல். ரிசல்ட் வந்த அரை மணியில் கேன்டீன்காரர் வரைக்கும் என் மார்க் தெரிந்திருந்தது. பியூன் அண்ணன் டீயை வைத்துவிட்டு, "விடுங்க சார், உங்களுக்கு இந்த ஸீட்டுதான் ராசி" என்றார். ஆறுதலா, குத்தலா... இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லெண்டிங் லைப்ரரியில் ஆண்டி மெக்நாப் மாட்டினார். புனைபெயர்தான். பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். படைக்காரர். 1991 வளைகுடாப் போரில் இராக்குக்குள் இறங்கிய எட்டுப் பேர் குழுவுக்குத் தலைவர். பிடிபட்டு, அடி உதை வாங்கி, உயிரோடு மீண்டு, 1993-ல் புத்தகம் எழுதியவர். ஆனால், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வீரதீரம் இல்லை. வட அயர்லாந்தில் சண்டை போட்டு ஏற்கெனவே மெடல் வாங்கிய இந்த மனுஷர், எஸ்.ஏ.எஸ். தேர்வில் முதல் தடவை ஃபெயில்! 1984-ல் இரண்டாவது முயற்சியில்தான் பாஸ்.

அட, நம்ம ஆளு!

எஸ்.ஏ.எஸ்., 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டேவிட் ஸ்டெர்லிங் என்ற இளம் அதிகாரி ஆரம்பித்த படை. இதன் முழுநேரப் பிரிவில் வெளியிலிருந்து நேராகப் போய்ச் சேர முடியாது. ஏற்கெனவே சிப்பாயாக இருக்க வேண்டும். சொந்த யூனிட்டில் சம்மதம் வாங்கி வர வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தேர்வு, குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. பத்துப் பேர் போனால் ஏறக்குறைய ஒன்பது பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

முதல் கட்டம், வேல்ஸ் நாட்டின் பிரெகன் பீக்கன்ஸ் மலைகள். அங்கே உசந்த சிகரம் பென் ஈ ஃபேன், 886 மீட்டர். 'ப்பூ, நம்ம ஏற்காடு இதைவிட உசரமாச்சே!' என்று சிரிக்காதீர்கள். முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கியோடு அதன் மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறித் திரும்ப வேண்டும். 24 கிலோ மீட்டர். இதற்கு 'ஃபேன் டான்ஸ்' என்று செல்லப் பெயர் வேறு! கடைசியில் வருவது 'லாங் டிராக்'. 64 கிலோ மீட்டரை 20 மணி நேரத்தில் கடக்க வேண்டும். 25 கிலோ சுமை. மேப்பும் காம்பஸும்தான் துணை.

சினிமாவில் வருகிற மாதிரி காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துகிற சார்ஜென்ட் யாரும் இந்த மலையில் கிடையாது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். 'சபாஷ்' கிடையாது. 'சீக்கிரம் நட' கிடையாது. நின்றுவிட்டால் 'ஏன்ப்பா?' என்று கேட்க நாதி கிடையாது. தேறாதவருக்கு ஆர்.டி.யு. 'ரிட்டர்ன்ட் டு யூனிட்'. விலாசதார் இல்லை என்று திரும்பி வருகிற ரிஜிஸ்தர் தபால் மாதிரி, புறப்பட்ட இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

அங்கே என்ன நடக்கும்? ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அதே பாரக்ஸ், அதே கட்டில், அதே காலை அணிவகுப்பு. போகும்போது முதுகைத் தட்டி அனுப்பியவர்கள் இப்போது தொண்டையைக் கனைப்பார்கள். கால் கொப்புளம் பத்து நாளில் ஆறிவிடும். அந்தக் கனைப்பு?

பொதுவாக இரண்டே வாய்ப்புதான். இரண்டாவது தடவைக்கும் அதே யூனிட்டில், அதே அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். நல்ல ஆளை வேறு படைக்கு விட எந்த அதிகாரிக்குத்தான் மனசு வரும்? "மறுபடியுமா?" என்று அவர் கேட்காவிட்டாலும் புருவம் கேட்டுவிடும்.

இதில் இன்னொரு சங்கடம். முதல் தடவை போகிறவனுக்கு அறியாமை பெரிய துணை. இரண்டாவது தடவை போகிறவனுக்கு எல்லாம் தெரியும். எந்தச் சரிவில் மூச்சு முட்டும், எந்த இடத்தில் 'போதும்டா சாமி' என்று மனசு சொல்லும்... எல்லாம்! முதல் பல்லைப் பிடுங்க யார் வேண்டுமானாலும் போய்விடலாம் சார். இரண்டாவது பல்லுக்குத்தான் தைரியம் வேண்டும்.

அதற்காக, விடாப்பிடியாக நடந்தே சாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நிஜமாகவே செத்திருக்கிறார்கள். 2013 ஜூலையில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், 22 கிலோ மூட்டையோடு இதே மலைகளில் நடந்த பகுதிநேர வீரர்கள் மூன்று பேர் உயிரை விட்டார்கள். நடத்தியவர்களின் அலட்சியமும் காரணம் என்று 2015-ல் மரண விசாரணையில் சொன்னார்கள். வைராக்கியம் நல்லதுதான். 'உட்காரு, தண்ணி குடி' என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் இருப்பது அதைவிட நல்லது.

சரி, ஜெயித்தால் என்ன கிடைக்கும்? மலைக்கு அப்புறம் காடு, காட்டுக்கு அப்புறம் தப்பியோட்டம், விசாரணை என்று எல்லாம் தாண்டி வந்தவருக்கு மணல் நிறத்தில் ஒரு தொப்பி. கூடவே, கார்ப்பரலோ சார்ஜென்ட்டோ, பழைய பட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு அடிமட்ட 'ட்ரூப்பர்' ஆக வேண்டும். இரண்டு தடவை உயிரைக் கொடுத்து வாங்குவது, பதவி இறக்கம்!

1997-ல் நானும் இரண்டாவது தடவை ஃபாரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸர் ரூமுக்குள் போனேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

"ஆமா சார்."

ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோதுதான் உறைத்தது. பாடத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது, நடுவில் போன அந்த ஒரு வருஷம்தான். தினமும் வந்து, சிரிக்கிறவர்களோடு நாமும் சிரித்து, லெட்ஜரில் தப்பில்லாமல் கூட்டல் போட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரிப்பது. இதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

பாஸா என்கிறீர்களா? பாஸ்தான், மூன்றே மார்க்கில். பரிசாக, பஸ்ஸே எப்போதாவது வருகிற ஓர் ஊருக்கு மாற்றல் உத்தரவு! பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று பியூன் அண்ணன் கடைசி டீயை வைத்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார், அது ராசியான ஸீட்டுன்னு!"