வண்டிப்பாதை பாத்தியமும் வாட்ச்மேன் ரசீதும்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கிரயப்பத்திரம் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். சின்னமனூர் நெல்வயலாக இருக்கட்டும், காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டமாக இருக்கட்டும், நான்கெல்லை எழுதி முடித்த கையோடு 'மாமூல் நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் சகிதம்' என்கிற மாதிரி ஒரு வரி வந்துவிடும். தோட்டத்தை விற்ற ஆள் மறுவாரம் வரப்பில் வந்து நின்று, "தோட்டம் உன்னுது, சரி. வண்டி வந்து போறதுக்கு மாசம் ஐநூறு குடு" என்று கேட்டால் என்ன ஆகும்? டீக்கடையில் ஒரு மாதத்துக்கு இதுதான் பேச்சாக இருக்கும்.

அதே ஆள் தேனியில் ஐந்து மாடி அப்பார்ட்மெண்ட் கட்டி, ஃப்ளாட்டை விற்று, பிறகு கீழே கார் நிறுத்தத் தனிக் காசு கேட்டால் ஒருவரும் சிரிப்பதில்லை. ஜிபே பண்ணிவிட்டு மேலே ஏறிப் போய்விடுகிறார்கள்.

அப்பார்ட்மெண்ட் நம்மூர்ப் பக்கம் இன்னும் புதுசு என்பது ஒரு காரணம். தனிவீட்டில் வாசல் யாருடையது என்ற சந்தேகமே வந்ததில்லை. ஃப்ளாட் வாங்குகிறவருக்கோ வாசலும் இல்லை, மொட்டை மாடியும் இல்லை. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' இத்தனை சதுர அடி என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று விற்றவர் சொல்வதில்லை, வாங்கியவர் கேட்பதில்லை. அர்த்தம் ரொம்பச் சாதாரணமானது. கட்டடம் நிற்கிற மனையில் அவருக்கும் பங்கு உண்டு. அதற்குக் காசு கொடுத்தாயிற்று, முத்திரைத்தாள் தீர்வையும் கட்டியாயிற்று. தன் பங்கு நிலத்தின் மேல் தன் காரை நிறுத்த இன்னொரு தடவை காசு என்றால், ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கிற வேலைதான் அது.

இந்தச் சண்டையை உச்சநீதிமன்றம் வரை இழுத்துப் பார்த்த ஊர் மும்பை. நஹல்சந்த் லாலூசந்த் என்ற பில்டர் கம்பெனி, தஹிசரில் பாஞ்சாலி என்ற குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. வழக்குப் போட்டது பில்டர் என்பதைக் கவனிக்கவும்! கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவில் இருக்கிற 25 பார்க்கிங் இடங்கள் தனக்குச் சொந்தம், சங்கத்துக்காரர்கள் அதில் நுழையக் கூடாது என்று தடை கேட்டது. ஸ்டில்ட் பார்க்கிங் என்பது கராஜ், மகாராஷ்டிரச் சட்டப்படி கராஜும் ஃப்ளாட்டில் சேர்த்தி, ஆகவே அதைத் தனியாக விற்கலாம் என்பது வாதம். கீழே இருந்து ஒவ்வொரு கோர்ட்டாகத் தோற்றுக்கொண்டே டெல்லி வரை போனார்கள். 31.8.2010 அன்று நீதிபதிகள் லோதா, பட்நாயக் கொண்ட அமர்வு தீர்ப்பு சொன்னது: நாலு பக்கமும் திறந்து கிடக்கிற தூண்தளத்தைச் சாதாரண ஆள் எவனும் கராஜ் என்று நினைக்க மாட்டான், அது பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது.

உடனே இங்கே ஒரு வக்கீல் குறுக்கே வருவார். "அது மகாராஷ்டிரச் சட்டம் சார், தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது." பாதி நியாயம். அந்தத் தீர்ப்பு அந்த மாநிலச் சட்டத்தைப் படித்துச் சொன்னதுதான். ஆனால் 2016-இல் வந்த ரெரா சட்டம் நாடு முழுக்க உண்டு. திறந்தவெளி பார்க்கிங் பொதுப்பகுதி என்று அது பச்சையாகவே சொல்கிறது. கராஜ் என்றால் மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படிச் சுவர் வைத்துக் கட்டியதை விற்றால் கேள்வி இல்லை. நம்மூர் ஸ்டில்ட்டில் கூரை இருக்கிறது, சுவர் எங்கே? பில்டர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். கூரை இருப்பதால் திறந்தவெளி இல்லை என்று விற்பார்கள். சுவர் இல்லாததால் கராஜ் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் மறப்பார்கள். பார்க்கிங் இடம் காட்டாமல் அடுக்குமாடிக்கு பிளான் அப்ரூவல் கிடைக்காது. காட்டினால் அந்த ஸ்டில்ட் பரப்பு தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் சேராது. அதாவது குடியிருப்பவர்கள் வண்டி நிறுத்த என்று சொல்லி அரசாங்கத்திடம் சலுகை வாங்கி, மிச்சமான பரப்பில் மேலே வீடு கட்டி விற்றாயிற்று. பிறகு சலுகைக்குக் காரணமாகக் காட்டிய இடத்தையும் அதே குடியிருப்பவர்களுக்கே விற்பது எந்த ஊர் தர்மம்?

பில்டர் கதை இப்படி. அசோசியேஷன் கதை வேறு. வீட்டுக்கு ஒரு வண்டி, இரண்டாவது காருக்கு இவ்வளவு என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்து, பணம் பொதுக்கணக்கில் சேர்ந்து, லைட்டுக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் போனால் அது சுங்கம் இல்லை, குடித்தனம். அதை எதிர்த்து மல்லுக்கட்டுகிறவர்தான் வம்புக்காரர். ஆனால் செயலாளர் ஒரு நாள் தானாகவே ஒரு போர்டு எழுதி மாட்டி, 'இங்கே நிறுத்தினால் அபராதம்' என்று வசூல் பண்ணுவது எதில் சேர்த்தி? ஊரிலிருந்து அரிசி மூட்டையை இறக்க வந்த குட்டியானைக்குக் கூட ரசீது கிழிக்கிறார்களே?

இந்த விஷயத்தில் இங்கிலாந்தைப் பார்ப்பது பிரயோசனம். அங்கே தனியார் பார்க்கிங் அபராதம் பெரிய வியாபாரம். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தில் இரண்டு மணி நேர இலவசத்தைத் தாண்டி நிறுத்தியவருக்கு 85 பவுண்டு போட்டார்கள். 2015-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே அது செல்லும் என்றது. போர்டைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வந்தாய் என்று கேள்வி. 'ஆகா, பார்த்தீர்களா' என்று செயலாளர்கள் குதிக்க வேண்டாம். அடுத்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி கோர்ட்டில் ஹோம்கார்ட் என்ற கம்பெனியின் வழக்கு வந்தது. குடியிருப்பில் வசிக்கிற ஒருவர் ஒரு மேசையை இறக்க வாசலில் சில நிமிடம் காரை நிறுத்தினார். அதற்கு அபராதம். மேல்முறையீட்டில் நீதிபதி அதைத் தள்ளினார். கடைக்கு வருகிறவன் வேறு, வீட்டுக்காரன் வேறு. வந்து போகிற பாத்தியம் அவர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாமான் இறக்க நிற்பதும் அதில் அடக்கம். பிறகு யாரோ மாட்டிய போர்டு அதை அழிக்காது என்றார். நம்ம வண்டிப்பாதை பாத்தியம்தான், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவே. சக்கரத்துக்குப் பூட்டுப் போடுகிறார்களே, அதையும் தனியார் இடங்களில் இங்கிலாந்து 2012-இலேயே தடை செய்துவிட்டது.

"ஐநூறு ரூபாய்க்கு ஏன் தம்பி பக்கத்து வீட்டுக்காரரோடு பகை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பகை வேண்டாம், காகிதம் போதும். ஃப்ளாட் வாங்கியவருக்கு அப்ரூவலான பிளானைக் கேட்டு வாங்கும் உரிமையை ரெரா தருகிறது. பில்டர் தராவிட்டால் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தையும் கிரயப்பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பிறகு, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி இந்தக் காசு என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெராவில் பதிவு தேவையில்லை. சின்ன ஊர்க் கட்டடங்கள் தப்பிக்கிற சந்து இது. அங்கே பில்டரின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கணக்கு ரசீது தேதியிலிருந்து ஓடலாம் என்பதால், அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கி எறியாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கவும்.