அணையின் அடி தெரியும், குழாயின் லிட்டர் தெரியுமா?

பிளவக்கல் அணையில் இன்று எத்தனை அடி என்று கான்சாபுரம் டீக்கடையில் கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பிளவக்கல் என்பது இரண்டு அணை; அதில் பெரியாறு அணைக்குத் தனி எண், கோவிலாறு அணைக்குத் தனி எண். நாற்றுப் பாவுவதா, பொறுப்பதா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் கூமாப்பட்டிக்காரரும் வத்திராயிருப்புக்காரரும் முடிவெடுக்கிறார்கள். அதே ஆட்களிடம், "உங்க தெருத் தொட்டிக்கு நேத்து எத்தனை லிட்டர் ஏறுச்சுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "மோட்டார் ஓடுச்சுப்பா" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு போகாது.

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. குடிநீர்க் குழாயிலும் சாக்கடைக் குழாயிலும் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர்களைச் சரிபார்ப்பது, பழுது நீக்குவது என் வேலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டி என்று டூல்ஸ் பையோடு பைக்கில் சுற்றுகிறேன். மோட்டார் ரூம், நூற்பாலை, பேண்டேஜ் துணி வெளுக்கும் இடம் என எல்லாப் பக்கமும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. மீட்டர் வாங்கக் காசு இருக்கிறது. அது காட்டும் எண்ணைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போது பெரிய குழாய்களில் அதிகம் இருப்பது மேக் மீட்டர். காந்தப் புலத்தின் ஊடே தண்ணீர் ஓடினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த தத்துவம்தான். உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது, தேய்மானம் இல்லை. ஆனால் குழாய் நிறைந்து ஓட வேண்டும். பாதிக் குழாயில் தண்ணீர் ஓடினாலும், முழுக் குழாய் என்று எண்ணிக்கொண்டு கூடுதலாகக் காட்டிவிடும். வளைவுக்கும் வால்வுக்கும் ஒட்டினாற்போல மாட்டினால் ஓட்டம் சுழன்று கணக்குக் கெடும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேர்க்குழாய் வேண்டும். இடம் பற்றவில்லை என்று மூலையில் சொருகிய மீட்டரை நான் எத்தனை முறை சரிசெய்தாலும் அது உண்மை பேசாது.

வீட்டு இணைப்புகளில் உள்ள சக்கர மீட்டருக்கு வேறு சங்கடம். நாள் விட்டு நாள் தண்ணீர் விடும் ஊரில், வால்வைத் திறந்ததும் முதலில் வருவது காற்று. சக்கரம் அதற்கும் சுற்றும். அந்த வீட்டுக்காரர் காற்றுக்கும் கணக்கு ஏறுகிறது என்று சொன்னால், நியாயம் அவர் பக்கம்தான்.

மீட்டர் நின்றுபோன இடத்தில் என்ன நடக்கிறது? மோட்டார் ஓடிய மணியை, அது புதிதாக வந்தபோது பலகையில் அடித்திருந்த திறனால் பெருக்கி நோட்டில் எழுதுகிறார்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்ததும், சித்திரையில் கிணறு இறங்கியதும் அந்தப் பெருக்கலில் வராது.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 500 வீட்டு ஊருக்கு 1,10,000 லிட்டர். மீட்டர் 10 விழுக்காடு கூடக் காட்டினால், நோட்டில் 1,10,000 என்று இருக்கும் நாளில் ஏறியது 1,00,000தான்; 10,000 லிட்டர் தாளில் மட்டுமே ஓடுகிறது. ஏறக்குறைய நாற்பத்தைந்து வீட்டின் ஒரு நாள் தண்ணீர் அது. கடைக்கோடித் தெருப் பெண்கள் குடத்தோடு நிற்க, நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்.

கழிவுநீர்ப் பக்கம் இதைவிட மோசம். மேக் மீட்டரின் மின்முனைகளில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும். திறந்த வாய்க்காலில் பார்ஷல் ஃப்ளூம் என்ற இடுங்கிய தடம் கட்டி, மேலே மாட்டிய சென்சாரால் நீர்மட்டத்தை அளப்பார்கள். நுரை மிதந்தால் அதையே மட்டம் என்று அது எடுத்துக்கொள்ளும். மட்டத்தில் 10 விழுக்காடு பிசகினால் ஓட்டக் கணக்கில் 15 விழுக்காட்டுக்கு மேல் பிசகும். மின்முனையையும் சென்சாரையும் துடைக்க ஆள் போட வேண்டும் என்பது டெண்டரில் ஒரு வரியாகக்கூட இல்லாத இடங்கள் உண்டு. சில மீட்டர்கள் ஆழக் குழிக்குள். விஷவாயு இருக்கிறதா என்று பார்க்காமலே "சும்மா எறங்குப்பா" என்பார்கள். நான் இறங்குவதில்லை. டிஸ்ப்ளேயைத் தரைக்கு மேலே சுவரில் மாட்டினால் ரீடிங் எடுக்க யாரும் இறங்கவே தேவையில்லை. கேபிள் செலவுதான்.

மீட்டர் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு முகம் மாறும். 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். மீட்டர் இதுவரை மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கணக்குக் கேட்கத்தான் பயன்பட்டிருக்கிறது. நான் கேட்பது வயலுக்கோ வீட்டுக்கோ மீட்டர் அல்ல. ஊர்த் தொட்டிக்கு ஏறும் குழாயில் ஏற்கெனவே இருக்கும் மீட்டர், ஊருக்குப் பதில் சொல்லட்டும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. தினமும் ஏறிய லிட்டரைத் தொட்டித் தூணில் கரும்பலகையில் எழுதலாம். மாதம் ஒரு முறை தொட்டியைக் காலிசெய்து, வெளிவால்வை அடைத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். 30,000 லிட்டர் தொட்டி நிரம்பும்போது மீட்டரில் 30 கன மீட்டருக்குப் பக்கமாகக் கூடியிருக்க வேண்டும். 36 கூடியிருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது வழியில் குழாய் ஒழுகுகிறது. இரண்டில் எதுவானாலும் ஊருக்குத் தெரிய வேண்டியதுதான். இதற்கு என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. தொட்டி இயக்குபவரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போதும். கணக்கு இடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் போதும். அப்படிக் கூப்பிடவும், வருடாவருடம் சரிபார்க்கவும் ஆகும் தொகையை, மீட்டர் வாங்கும் டெண்டரிலேயே சேர்த்துவிட வேண்டும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கிற அந்தக் கூட்டத்தில், மாதவாரியாகத் தொட்டிக்கு ஏறிய லிட்டரையும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க எண் இல்லை என்று பதில் வந்தால், மீட்டரைச் சரிசெய்யும் தேதியைத் தீர்மானத்தில் எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.