தம்பி கையில் அணுகுண்டு... அண்ணன் கையில் கிட்டார்! யார் இந்த கிம் ஜாங் சோல்?

2015 மே மாதம். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எரிக் கிளாப்டனின் இசை நிகழ்ச்சி. கறுப்புக் கண்ணாடி, லெதர் ஜாக்கெட்டோடு முப்பது சொச்சம் வயதில் ஒருவர் உள்ளே போகிறார். வாசலில் பத்திரிகையாளர்கள் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். ம்ஹூம்... வாயே திறக்கலை!

வடகொரிய அதிபர் கிம் ஜாங் உன்னை உங்களுக்குத் தெரியும். அவர் தங்கை கிம் யோ ஜாங்கைக்கூட ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. லண்டன்ல வாய் திறக்காத அந்த மனுஷன், இவங்க ரெண்டு பேரோட சொந்த அண்ணன், கிம் ஜாங் சோல். மூணு பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைகள்.

மூத்தவர் இருக்க, தம்பிக்கு எப்படி நாற்காலி போச்சு? அப்பா கிம் ஜாங் இல்லுக்கு சமையல்காரராக இருந்த ஜப்பானியர் ஃபுஜிமோட்டோ எழுதியிருக்கிறார்: 'இவன் ரொம்ப மென்மையானவன், சரிப்பட மாட்டான்' என்று அப்பாவே ஒதுக்கிவிட்டாராம்.

கேட்க பாவமா இருக்குல்ல? ஆனா, அதுதான் அவரைக் காப்பாத்தியிருக்குனு எனக்குத் தோணுது. வடகொரியாவில் ஆட்சி உரிமையே 'பெக்து ரத்த வழி'யில்தான் வருது. அதாவது, தாத்தா கிம் இல் சுங்கின் ரத்தம். அந்த ரத்தம் ஓடுற எந்த ஆணும், நினைச்சாலும் நினைக்காட்டியும் அதிபருக்குப் போட்டிதான்.

அப்பாவின் வேறொரு துணைக்குப் பிறந்த மூத்த அண்ணன் கிம் ஜாங் நாம், வெளிநாட்டில் உட்கார்ந்து வாரிசு ஆட்சியை விமர்சித்தார். 2017 பிப்ரவரி 13, கோலாலம்பூர் விமான நிலையம். ரெண்டு பெண்கள் அவர் முகத்தில் எதையோ தடவினார்கள். வி.எக்ஸ் என்ற நரம்பு விஷம்! கொஞ்ச நேரத்தில் உயிர் போயிடுச்சு. 'எங்களுக்குச் சம்பந்தமே இல்லை' என்றது வடகொரியா. அதற்கு முன்பே, 2013-ல் அத்தையின் கணவருக்கு மரண தண்டனை. இத்தனைக்கும் அவர் கல்யாணத்தால் வந்த உறவு!

இதையெல்லாம் பார்த்த ஜாங் சோல் என்ன பண்ணியிருக்கார்? கிட்டாரைத் தவிர எதையும் தொடலை. லண்டன்ல அவரைக் கூட்டிட்டுப் போனவர், அப்போ அங்கே துணைத் தூதராக இருந்த தே யோங் ஹோ. அவர் 2016-ல் தென்கொரியாவுக்குத் தப்பி, பின்னால் அங்கே எம்.பி-யும் ஆனார். ஜாங் சோலுக்கு அரசில் பதவியே இல்லை, இசைதான் எல்லாம் என்கிறார் அவர்.

இப்போ அடுத்த தலைமுறையும் மேடைக்கு வந்தாச்சு. 2022 நவம்பரில் ஏவுகணைச் சோதனைக்கு மகளைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார் கிம் ஜாங் உன். பெரியப்பாவுக்கு அந்த போட்டோவில் இடமில்லை.