இந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டில்...

சிலமலையில் ஜூன் மாதம் என்றால் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கும். ஒன்று, பள்ளிக்கூடம் திறப்பது. இன்னொன்று, மலையில் மழை இறங்குவது. இந்த 2025-ல் மழை முந்திக்கொண்டது. தென்மேற்குப் பருவமழை மே 24-ம் தேதியே கேரளாவில் தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பள்ளிக்கூடம் ஜூன் 2-ம் தேதி, திங்கட்கிழமை திறந்தது. நோட்டுக்கு அட்டை போடுவதற்குள் மலை முழுக்க மேகம் மூடியிருந்தது.

எங்கள் பக்கத்து வீடுகளின் கணக்கு வழக்கெல்லாம் அந்த மலையில்தான் இருக்கிறது. விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பும் பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். என் வீட்டுக்காரர் அந்த ஜீப்களில் ஒன்றை ஓட்டுகிறார். நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் மாமியார் நாற்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் காய் எடுத்தவர். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மகன் ஒன்பதாம் வகுப்பு போகிறான். இந்த ஐந்து பேருக்கும் இந்த ஒரே மாதத்தில் ஏதோ ஒன்று மாறியது. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் அத்தையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வளர்கிற கதையில் பெரியவர்களுக்கு என்ன இடம் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் ஒரு படி ஏறினால் பெரியவர்கள் ஒரு படி இறங்குகிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் நடக்கிறது.

அத்தைக்கு மூட்டுவலி. ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். ஈரத்தில், அட்டைக்கடியில். போன சீசனிலேயே முடியவில்லை. இந்த ஜூனில் ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது அவர் வாசலுக்கு வந்தார், "நா வரலப்பா, நீங்க போங்க" என்றார், உள்ளே போய்விட்டார். அதன்பிறகு ஒரு வாரம் வழக்கம்போல நாலு மணிக்கே எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து பேரனுக்குச் சோறு கட்டும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒருவருக்கு ஓய்வு கொடுப்பது வேறு, வேலையே இல்லாமல் ஆக்குவது வேறு.

அடுத்தது மகன். செப்டம்பரில் அவனுக்குப் பதினான்கு முடிகிறது. மே மாதம் வரை குழந்தைக் குரல். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது குரல் உடைந்து, ஒரு வாக்கியத்தில் பாதி அவன் குரலாகவும் பாதி யாரோ ஒருவர் குரலாகவும் வந்தது. ஒருநாள் தோட்டத்து மேஸ்திரி போன் செய்தார். இவன் எடுத்து "ஹலோ" என்றிருக்கிறான். அவர் அப்பாதான் என்று நினைத்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கே வண்டி வேணும், ரெண்டு ஆளு கூடுதல்" என்று சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அவன் சிரிக்கவில்லை. அப்பாவிடம் விஷயத்தை வரி பிசகாமல் சொன்னான், நாலு மணிக்கு அலாரமும் வைத்தான். யாரோ தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்ததை அவன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷம் வேறொரு பேச்சில் கொண்டுபோய் விட்டது. "லீவு நாள்ல நானும் ஜீப்ல மலைக்குப் போறேன். என் கூடப் படிக்கிறவன் போறான். காசு கிடைக்கும்" என்றான். அத்தை உடனே, "அவன் அப்பன் இந்த வயசுல உரமூட்டையே தூக்குனான்" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். ஆனால் மகனுக்கு அது தெரியாதே. அதனால் நான்தான் பேசினேன்.

2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, படிப்பு கெடாமல் சொந்த வீட்டு வேலையில் உதவலாம், அவ்வளவுதான். இதை அவனிடம் சொன்னேன். சட்டத்தைச் சொன்னால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். "அப்ப அந்தப் பையன்?" என்று கேட்டான். "அவன் போறதும் தப்புதான், அவங்க வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது. நம்ம வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்ல?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், "எனக்குக் காசு வேணாம்மா, சும்மா இருக்கத்தான் புடிக்கல" என்றான்.

இதைக் கவனித்தீர்களா? அவன் கேட்டது கூலி அல்ல, பொறுப்பு. வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அது தெரிந்தே இருக்காது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு சேர்ந்து ஜீப்பைக் கழுவுகிறான். டயரில் காற்று பார்க்கிறான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறான். வண்டிச் செலவு நோட்டு அவன் கையில். போன வாரம் ஒரு பஞ்சர் செலவு விட்டுப்போனதை அவன்தான் கண்டுபிடித்தான்.

இப்போது மகள். இந்த மாதத்தின் பெரிய விஷயம் அவள்தான்.

அவள் பிறந்தது 2008-ல். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவோடு நிறுத்தினார்கள். அப்போது அவள் கைக்குழந்தை மாதிரி. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல், அவளுக்குப் பதினைந்து வயதானபோது. ஆக, அவள் வளர்ந்த காலம் முழுக்க ரயில் இல்லாத காலம், ரயில் பாதை போட்டுக்கொண்டே இருந்த காலம். பஸ்ஸில் மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை உடைத்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். "எப்பம்மா முடியும்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் "எப்படிம்மா உடைக்கிறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். அதனால், "சிவில் இன்ஜினீயரிங் படிக்கப் போறேன்" என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. அத்தைக்குத்தான் ஆச்சரியம். "கொத்தனார் வேலைக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றார்.

சிக்கல் எந்தப் படிப்பு என்பதில் இல்லை, எந்த ஊர் என்பதில்தான். போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நல்ல கல்லூரி, வீட்டிலிருந்து போய் வரலாம். அவள் விரும்புவது சென்னை கிண்டி. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது.

என் காலத்தில் இப்படி ஒரு பேச்சு வந்தால், "அவ்வளவு தூரம் அனுப்பப் பணம் ஏது?" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கேட்ட பிள்ளையும் அடங்கிவிடும். என் தலைமுறையில் பல பெண்களின் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் நின்றது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்குகிறார்கள். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. என் மகள் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தவள்.

பணம் என்ற காரணம் போய்விட்டதால், உண்மையான காரணம் வெளியே வந்தது: பயம். அவளுக்கு அல்ல, எங்களுக்கு. வீட்டுக்காரர் ஒருநாள் ராத்திரி, "போடியை முதல்ல போடச் சொல்லு, கிண்டியை ரெண்டாவது போடட்டும்" என்றார். கேட்பதற்குச் சமாதானம் மாதிரி இருக்கும். ஆனால் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலின் வரிசைதான் எல்லாம். நம் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய இடங்களில் எது பட்டியலில் மேலே இருக்கிறதோ, அதைத்தான் கம்ப்யூட்டர் ஒதுக்கும். போடியை முதலில் போட்டு அது கிடைத்துவிட்டால், கிண்டியைப் பார்க்கவே பார்க்காது. இரண்டாவதாகப் போடு என்பதும் போடாதே என்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். மகள் இதை அப்பாவுக்குப் பொறுமையாக, காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினாள். விளக்கிவிட்டு, "உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கப்பா. ரெண்டாவது போடுன்னு சொல்லாதீங்க" என்றாள்.

வீடு அமைதியாகிவிட்டது. அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை. ஆனால் பேசியது குழந்தை இல்லை.

அந்த அமைதியை உடைத்தது அத்தைதான். "என்னைய பதினாலு வயசுல முந்தல்ல இருந்து மலை ஏத்திவிட்டாக. வாரக்கணக்கா லயத்துல கெடப்போம். போறியாத்தான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல. இவளக் கேட்டாச்சுல்ல, இவளும் சொல்லிட்டாள்ல. பெறகு என்ன?" என்றார். கொத்தனார் வேலையா என்று கேட்ட அதே வாய்தான்.

ஜூன் 27-ம் தேதி தரவரிசைப் பட்டியல் வந்தது. கலந்தாய்வு ஜூலையில். கிண்டி கிடைக்குமா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. கிடைத்தால் போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று நாள் நேர் ரயில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் போடி இருக்கிறது, அதற்கும் அவள் தயார். பட்டியலில் முதலில் எது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் முழு மனதாக இல்லை. பயம் போன பிறகுதான் அனுப்புவேன் என்று இருந்தால் எந்தத் தகப்பனும் எந்த மகளையும் அனுப்ப மாட்டார். பயத்தோடுதான் அனுப்பப் போகிறார்.

கடையில் தினமும் ஏலக்காயைப் பார்க்கிறவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே சரத்தில் இருந்தாலும் எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. அதனால்தான் ஒரு சீசனில் மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போய் எடுக்கிறார்கள். முற்றாததைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கிவிடும். முற்றியதை விட்டுவைத்தால் வெடித்துப்போகும். தோட்டத்துப் பெண்கள் கையால் தொட்டே எது எந்தப் பக்குவம் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. மகனுக்கு இது இன்னும் பறிக்கக்கூடாத சமயம். மகளுக்கு இனி வைத்திருக்கக்கூடாத சமயம். ஒருத்திக்குச் சரி என்றும் ஒருவனுக்குப் பொறு என்றும் ஒரே மாதத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று நினைத்திருந்தால் இரண்டில் ஒன்று கெட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் ரிசல்ட் வந்த பிள்ளை ஒன்று இருக்கலாம், குரல் உடைகிற பிள்ளை ஒன்று இருக்கலாம். இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைக்கு நீங்கள் "வேண்டாம்" என்று சொன்ன ஏதாவது ஒன்றை எடுத்து, அதற்கு நீங்கள் சொன்ன காரணம் இன்றைக்கும் உண்மையா என்று பாருங்கள். உண்மையாக இருந்தால் இன்னொரு முறை விளக்கமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால், உண்மையான காரணம் எதுவோ அதைப் பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதைக் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பார்ப்போம்.