ஏவுதற் கருத்தா எங்கே?

திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு விதி உண்டு. அலிபிரி சாவடியைக் கடக்கும் வண்டிக்கு நேரம் குறிக்கப்படும். மேலே சென்று சேரக் குறைந்தது 28 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். இறங்கி வரக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் அபராதம். ஏறத்தாழ 18, 19 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தக் கணக்கு. ஓட்டியவர் திறமைசாலியா, வளைவுகளை எவ்வளவு நேர்த்தியாகத் திருப்பினார், இருபதாண்டு அனுபவம் உள்ளவரா என்றெல்லாம் அங்கே எவரும் விசாரிப்பதில்லை. சீக்கிரம் வந்ததே குற்றம். வேகமாக வந்தவர் சாவடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி நேரத்தைக் கழிப்பதும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் காத்திருக்க நேர்வதே விதியின் வெற்றி: வேகத்தால் கிடைக்கும் லாபம் அங்கே பூஜ்யமாகிவிடுகிறது. லாபமில்லாத வேகத்தைப் பெரும்பாலோர் தாமே கைவிடுவர்.

அதே அலிபிரியிலிருந்து ஊருக்குள் இறங்கினால் கடிகாரம் தலைகீழாக ஓடத் தொடங்குகிறது. லீலா மகால் சந்திப்பிலும் ரேணிகுண்டா சாலையிலும் திருச்சானூர் சாலையிலும், முதுகில் சதுரப் பை சுமந்து, கைப்பிடியில் செருகிய கைப்பேசியை ஒரு கண்ணாலும் முன்னே குறுக்கிடும் யாத்திரிகர் கூட்டத்தை மறு கண்ணாலும் பார்த்தபடி விரையும் இளைஞர்களுக்கு, சீக்கிரம் சேர்வதே பிழைப்பு. ஒரே ஊர், ஒரே இருசக்கர வண்டி, இரண்டு கடிகாரங்கள். ஒன்றை அமைத்தது தேவஸ்தானம், மற்றொன்றை அமைத்தவை செயலி நிறுவனங்கள்.

இந்த இரண்டாவது கடிகாரத்தைத் தொடாமல், அதன் கீழ் ஓடுபவரை மட்டும் திருத்த முனையும் ஏற்பாடுதான் டெலிவரி ஊழியருக்கான 'பாதுகாப்பாக ஓட்டும் போட்டி'. ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். முன்பு வாரமாக இருந்தது, 2021இல் முதன்முறையாக மாதமாயிற்று. தலைக்கவசப் பேரணி, உறுதிமொழி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்று நீளும் சடங்குகளின் வரிசையில் இந்தப் போட்டி மிக எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு மைதானம், சில கூம்புகள், சுண்ணாம்புக் கோடு. இண்டிகேட்டர் போட்டாரா, கோட்டுக்கு முன் நிறுத்தினாரா, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினாரா என்று மதிப்பெண். வெல்பவருக்குக் கேடயம். சித்தூரிலோ திருப்பதியிலோ எந்த டெலிவரி ஊழியரை அழைத்து வந்து அந்த மைதானத்தில் விட்டாலும் அவர் நன்றாகவே ஓட்டுவார். ஒரு நாளில் பத்து மணி நேரம் வண்டியின்மேல் இருப்பவருக்கு ஓட்டத் தெரியாது என்பது வேடிக்கையான அனுமானம். மைதானத்தில் இல்லாத ஒன்றுதான் சாலையில் அவரை விழத்தட்டுகிறது.

அது என்ன என்பதைப் பார்ப்பதற்கு முன், விபத்தைப் பற்றிப் பேசும் மொழியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு தொடர் ஓயாமல் வரும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி'. எல்லை தாண்டிச் சித்தூருக்குள் நுழைந்தால் தெலுங்கில் அதே இரட்டை: 'அதிவேகம், அஜாக்ரத்த'. இரு மொழியும் வீட்டுக்குள்ளேயே கலந்து புழங்கும் அந்த மாவட்டத்தில், எந்த மொழியில் புகார் எழுதினாலும் வாக்கியத்தின் அமைப்பு மாறுவதில்லை. எழுவாய் எப்போதும் ஓட்டுநர். இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகள் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகள் வந்தபின்னும் அந்த எழுவாய் அசையவில்லை.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு கூர்மையான கருவியை வைத்திருக்கிறது. கருத்தா இருவகை: இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா. கொத்தன் கோயில் கட்டினான் என்பது முதல் வகை. அரசன் கோயில் கட்டினான் என்பது இரண்டாம் வகை. கல்லைத் தொடாத அரசன் கட்டியவன் ஆகிறான், ஏனெனில் ஏவியவன் அவன். பெருமை வரும் இடத்தில் ஏவியவர் எழுவாயாக நிற்பதும், பழி வரும் இடத்தில் இயற்றியவர் மட்டும் எழுவாயாக நிற்பதும் பழைய வழக்கம். 'பத்தே நிமிடத்தில் கொண்டுவருகிறோம்' என்று விளம்பரம் சொல்லும்போது கொண்டுவருவது நிறுவனம். அந்தப் பத்து நிமிடத்தின் ஏழாவது நிமிடத்தில் ஒருவர் லாரியின் பின்சக்கரத்தில் விழும்போது ஓட்டியது அவர் மட்டுமே. 'பாதுகாப்பாக ஓட்டும் போட்டி' என்னும் பெயரும் இந்த இலக்கணத்தின்படியே அமைந்தது. அதில் 'ஓட்டும்' உண்டு. 'ஓடச் செய்யும்' இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இறப்புகளில் பத்தில் ஏழுக்கு 'அதிவேகம்' காரணம் என்று அதே அறிக்கை பதிகிறது. ஏன் வேகம் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

டெலிவரி ஊழியரின் வேகத்துக்கான காரணம் அவருடைய இளமையோ அடங்காமையோ அல்ல; ஊதியக் கணக்கு. அவருக்கு மணிக்கணக்கில் கூலி இல்லை, ஆர்டர் கணக்கில். உணவகத்தின் வாசலில் பொட்டலத்துக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும், அடுக்ககத்தின் காவலாளி உள்ளே விடாமல் நிறுத்தும் நேரத்துக்கும் உருப்படியான கூலி கிடையாது. பெட்ரோல் அவர் செலவு, வண்டியின் தவணை அவர் செலவு. இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்ற ஆசை வேறு. பிறர் தின்றுவிட்ட நிமிடங்களை அவர் திரும்பப் பெறக்கூடிய இடம் ஒன்றுதான்: சாலை. சிவப்பு விளக்கில் நிற்கும் முப்பது நொடியும் எதிர்த்திசையில் புகுந்தால் மிச்சமாகும் ஒரு கிலோமீட்டரும் அவருக்கு நேரடியாகப் பணம். பேருந்து ஓட்டுநருக்கு அப்படி அல்ல. சிக்னலில் நின்றாலும் அவர் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுவனங்களிடம் இதற்கு மறுமொழி உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் சொமாட்டோ பத்து நிமிட உணவுத் திட்டத்தை அறிவித்து எதிர்ப்பு எழுந்தபோது, தாமதத்துக்குத் தண்டனை இல்லை, குறித்த நேரத்தில் சேர்த்தால் ஊக்கத்தொகையும் இல்லை என்று அதன் நிறுவனர் தீபிந்தர் கோயல் விளக்கினார். 2026 தொடக்கத்தில் பிளிங்கிட் பற்றி இன்னொரு கணக்கும் தந்தார்: இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், எட்டு நிமிடம், ஆகவே சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சராசரி என்பது நின்ற நேரத்தையும் ஓடிய நேரத்தையும் ஒன்றாகக் கரைத்துவிடும் எண். எட்டு நிமிடத்தில் ஐந்து நிமிடம் சிக்னலிலும் சந்து தேடுவதிலும் கழிந்தால், மீதி மூன்று நிமிடத்தில் அந்த இரண்டு கிலோமீட்டரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தாக வேண்டும். சராசரி அப்போதும் 15தான். விபத்து நடப்பது சராசரியில் அல்ல. தண்டனை இல்லை என்ற வாதமும் பாதி உண்மையே. ஆர்டர் எண்ணிக்கையால் கூலி அமையும் இடத்தில், தாமதத்துக்குத் தனியாக ஒரு தண்டனை எதற்கு? அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போவதே தண்டனை.

இந்த வழக்கு உலகில் ஒருமுறை விசாரிக்கப்பட்டு முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். '30 நிமிடத்தில் வராவிட்டால் இலவசம்' என்று அமெரிக்காவில் டாமினோஸ் பீட்சா நிறுவனம் வாக்களித்திருந்தது. அதன் ஊழியர் ஒருவர் செயின்ட் லூயிஸ் நகரில் சிவப்பு விளக்கை மீறி ஒரு பெண்ணின் காரில் மோதினார். 1993 டிசம்பரில் நடுவர் குழு அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ 7.8 கோடி டாலர் வழங்கச் சொன்னது. அத்தொகை பின்னர் சமரசத்தில் பெரிதும் குறைந்தது. ஆனால் தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே நிறுவனம் அமெரிக்காவில் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. ஓட்டுநருக்குப் பயிற்சி முகாம் நடத்திச் சமாளிக்க அந்த நடுவர்கள் இடம் தரவில்லை. ஏவுதற் கருத்தாவை எழுவாயாக்கினார்கள்.

போட்டி என்பதே தீது என்பதல்ல வாதம். அமெரிக்காவில் 1937 முதல் லாரி ஓட்டுநருக்கான தேசியப் போட்டி நடக்கிறது. விபத்தில்லாமல் ஓட்டியவரே அதில் நுழைய முடியும். ஜப்பானில் 1969இல் தொடங்கிய போட்டியில் எழுத்துத் தேர்வு, வண்டிச் சோதனை, ஓட்டும் தேர்வு எல்லாம் உண்டு. முதலிடம் பெறுபவருக்குப் பிரதமர் விருது. இந்திய மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் விபத்தில்லாமல் நெடுநாள் ஓட்டியவரைப் பாராட்டுவது வழக்கம். அங்கெல்லாம் அந்தப் பாராட்டுக்கு அர்த்தம் உண்டு, ஏனெனில் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்திருந்தது. கேடயம் வழங்கும் அதே ஜப்பான், 2024 ஏப்ரல் 1 முதல் லாரி ஓட்டுநரின் மிகைநேர வேலையை ஆண்டுக்கு 960 மணி என்று சட்டத்தால் கட்டியது. முதலில் கடிகாரம், பிறகு கேடயம். இங்கே கடிகாரத்தைக் கழற்றாமலே கேடயம் வருகிறது.

டெலிவரி ஊழியருக்கு வேலை நேர வரம்பு ஏன் இல்லை? அவர் ஊழியரே அல்ல, 'பார்ட்னர்'. ஒரு சொல் ஒரு சட்டத்தையே தடுத்து நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கூட்டாளி என்றால் லாபத்தில் பங்கு வேண்டும், விலையை நிர்ணயிப்பதில் குரல் வேண்டும். இரண்டும் இல்லாத இந்தக் கூட்டாளிக்கு நட்டத்தில் மட்டும் முழுப் பங்கு: கால் முறிந்தால் ரூயா மருத்துவமனை வரிசை, சித்தூர்க்காரர் என்றால் வேலூருக்கு ஒரு பயணம், வேலைக்குப் போகாத நாள்களுக்குப் பூஜ்யம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. விழுந்தபின் தூக்கும் ஏற்பாடு, வரவேற்கலாம். விழாமலிருக்க அதில் ஒன்றுமில்லை.

விழாமலிருக்க என்ன வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே சொல்லிவிட்டார்கள். 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று பத்து நிமிட விநியோகத்தை நிறுத்துவது. ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டார். பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து 'பத்து நிமிடம்' என்பதை நீக்கியது. வாசகம் போனது. ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலி அப்படியே இருக்கிறது. கடிகாரத்தின் முகப்பைத் துணியால் மூடினால் முள் நின்றுவிடாது.

சித்தூரிலும், 2022 ஏப்ரல் 4 அன்று அதிலிருந்து பிரிந்த திருப்பதியிலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. போட்டி நடத்தியே தீர வேண்டுமென்றால் அக்குழு நிறுவனங்களுக்கு இடையே நடத்தலாம். மைதானமும் கூம்பும் தேவையில்லை. ஒவ்வொரு வண்டியும் எந்த நொடியில் எந்தத் தெருவில் எவ்வளவு வேகத்தில் சென்றது என்பது செயலிக்குத் தெரியும். தெரியாமல் வாடிக்கையாளரின் திரையில் அந்தச் சின்ன வண்டிப்படம் நகராது. அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பெற வேண்டும். பாதுகாப்பான வேகத்தில் போனால் எட்டவே முடியாத நேரத்தை வாடிக்கையாளருக்குக் காட்டிய நிறுவனம் எது, காத்திருந்த நேரத்துக்குக் கூலி தந்த நிறுவனம் எது, தொடர்ந்து பத்து மணி நேரம் வண்டியில் இருந்தவருக்குப் பதினோராம் மணியிலும் ஆர்டர் அனுப்பிய நிறுவனம் எது என்று மதிப்பெண் போட்டு, ஜனவரி முடிவில் பட்டியலை வெளியிட வேண்டும். மலைப்பாதையில் சீக்கிரம் வந்தவருக்கு அபராதம் விதிக்க ஒரு நேரச்சீட்டு போதுமானதாக இருந்தது. ஊருக்குள் அந்தச் சீட்டை நீட்ட வேண்டியது வண்டி ஓட்டுபவரிடம் அல்ல.