டோபமைன் மேல பழி போடாதீங்க!

மொபைல் கேமை விட முடியலையா? "எல்லாம் டோபமைன்." படிக்க உட்கார்ந்தா தூக்கம் வருதா? அதுக்கும் டோபமைன்! இப்போது "டோபமைன் விரதம்" என்று ஒன்று வேறு கிளம்பியிருக்கிறது. ஏகாதசி மாதிரி ஒரு நாள் இருந்தால் மூளை சுத்தமாகிவிடுமாம். நண்பர்களே, டோபமைன் நிஜமாகவே குறைந்தால் நடப்பதே கஷ்டம். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதும் நடை தடுமாறுவதும் டோபமைன் தயாரிக்கும் செல்கள் அழிவதால்தான்.

"டோபமைன்னா சந்தோஷ ரசாயனம்" என்கிறார்களே, என் முதல் சண்டை அதோடுதான். ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்து பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் செல்கள் படபடவென்று துடித்தன. சரி. அடுத்து, முதலில் ஒரு விளக்கு எரியும், பிறகு சாறு வரும் என்று பழக்கினார். பழகிய பிறகு விளக்கைக் கண்டதும் துடிப்பு. சாறு வரும்போது ஒண்ணுமே இல்லை! அதே சாறு, அதே இனிப்பு. சந்தோஷ ரசாயனமாக இருந்தால் குடிக்கும்போது அல்லவா துடிக்க வேண்டும்? விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வர வேண்டிய அந்த நேரத்தில் செல்கள் வழக்கமான துடிப்பையும் நிறுத்திக்கொண்டன. 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள்: கிடைத்ததில் இருந்து எதிர்பார்த்ததைக் கழி. மிச்சம்தான் டோபமைன் சொல்லும் செய்தி.

95 எதிர்பார்த்து 90 வாங்கியவன் அழுவதும், 40 எதிர்பார்த்து 55 வாங்கியவன் துள்ளுவதும் நம்ம வகுப்பிலேயே நடக்கும் கூத்துதானே!

இந்தச் செல்கள் தங்கள் இழைகளை நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கே வந்து சேரும் செய்திகளைக் கொண்டுவருவது குளூட்டமேட். டோபமைன் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மாதிரி. டி1 ஏற்பி உள்ள செல் சுலபமாகத் தூண்டப்படும், டி2 உள்ள செல் அடங்கும். அதைவிட முக்கியம், இப்போதுதான் பேசிய இணைப்பு எதுவோ அதை டோபமைன் பலப்படுத்தும். ஆனால் நேரம் தவறக்கூடாது. 2014-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் சுண்டெலி மூளைத் துண்டில் பார்த்தார்கள். குளூட்டமேட் வந்து 0.3 முதல் 2 வினாடிக்குள் டோபமைன் வந்தால்தான் அந்த இணைப்பு பெரிதானது. பிறகு வந்தால் பலனில்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது. தேர்வு எழுதி மூன்று வாரம் கழித்து விடைத்தாள் வந்தால் நாங்கள் என்ன கற்றுக்கொள்வோம்? எலியின் சினாப்ஸும் எங்கள் கணக்குத் தாளும் ஒன்றல்ல, தெரியும். மனிதனுக்கு ஞாபகம் இருக்கிறது, பழசை நினைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் நினைத்துப் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கணுமே! எந்த வரியில் எந்தத் தைரியத்தில் மைனஸை பிளஸ் ஆக்கினோம் என்பது அடுத்த நாளே மறந்துபோகிறது. மார்க்கைப் பார்க்கிறோம், மடித்து வைக்கிறோம். மொபைல் கேமோ தப்பு செய்த நொடியிலேயே காட்டிவிடுகிறது. அது எங்களை இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நாலு செக்‌ஷன் தாளை ஒரே ராத்திரியில் திருத்தச் சொல்லவில்லை, அது பாவம். தேர்வு முடிந்த அன்றே விடைகளைப் பலகையில் எழுதிப் போடலாம், அவ்வளவுதான். எங்கள் பங்குக்கு, தாளைக் கொடுக்கும் முன் "எனக்கு இவ்வளவு வரும்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடலாம். அப்போதுதான் கழித்துப் பார்க்க ஒரு எண் கையில் இருக்கும்.

போன தேர்வில் நான் 68 என்று எழுதிவைத்தேன். தாள் இன்னும் வரலை!