வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இல்லை. கிள்ளானில் புகை எங்கிருந்து வருகிறது?

புகைமூட்டம் தொடங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். சுமத்ரா, கலிமந்தான் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், மலேசியப் பக்கம் ஒன்றிரண்டு. "பார்த்தீங்களா, எல்லாம் அங்கிருந்துதான்" என்று கீழே ஒரு வரி. படம் பொய்யில்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் புகையைக் காட்டவில்லை.

சுற்றுப்புறத்தைவிட ஓரிடத்தில் தரை அதிகச் சூடாக இருப்பதைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். அதுதான் வெப்பப் புள்ளி. சுவோமி என்பிபி, நோவா-20 ஆகியவற்றில் உள்ள வியர்ஸ் கருவி 375 மீட்டர் துல்லியத்தில் இதைப் பார்க்கிறது. நம் தலைக்கு மேல் அவை வருவது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும், பிறகு பின்னிரவிலும்தான். மூன்று மணிக்குப் பற்றவைத்து ஆறு மணிக்கு அணைத்த தீ, படத்தில் வராமலே போகலாம். மேகம் மறைத்தாலும் வராது. புகை ரொம்பக் கனமாக இருந்தால் அதுவே கீழே எரியும் தீயை மறைத்துவிடும். அதனால் புள்ளிகள் திடீரென்று குறைந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம்.

மலாயில் தானா காம்புட் என்கிறோமே, அந்தச் சதுப்பு மண் இன்னும் சிக்கல். தீ மண்ணுக்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கும். வெப்பம் குறைவு, புகை அதிகம்.

புகையைப் பார்க்க வேறு கண் வேண்டும். ஜப்பானின் ஹிமாவாரி-9, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. படங்களை வரிசையாக ஓட்டினால், தென்மேற்குப் பருவக்காற்றில் புகை மலாக்கா நீரிணையைக் கடப்பது தெரியும். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது, அது மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, உங்கள் மூக்குக்கு முன்னால் நிற்கிறதா என்று சொல்வது கடினம். அதைச் சொல்வது தரையில் உள்ள நிலையம், அதாவது ஐபியு எண்.

அந்த எண்ணே ஒரு காலத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் அரசாங்கம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. 2005 ஆகஸ்டில், குறியீடு 500-ஐத் தாண்டி கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில்தான் மீண்டும் வெளியிட முடிவானது.

2019 செப்டம்பரில் சண்டை வெப்பப் புள்ளிகளைப் பற்றியது. புகை மலேசியாவிலிருந்தும் வருகிறது என்றார் இந்தோனேசிய அமைச்சர் சித்தி நூர்பாயா பக்கார். சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையத்தின் கணக்கைக் காட்டிப் பதில் சொன்னார் அப்போதைய மலேசிய அமைச்சர் இயோ பீ யின்: கலிமந்தானில் 474, சுமத்ராவில் 387, மலேசியாவில் 7. அன்றைய புகைமூட்டத்துக்கு அந்தக் கணக்கு வலுவான ஆதாரம்தான். ஆனால் நம் வீட்டுப் பக்கத்து ஏழைக் கண்டுகொள்ளாமல் விட அது காரணமாகிவிடக் கூடாது. கிள்ளானின் ஜொஹான் செத்தியாவில் சதுப்பு மண்ணில் திறந்தவெளி எரிப்பு நடப்பது ஊரறிந்த விஷயம். அங்கு மக்கள் புகையைச் சுவாசிக்க சுமத்ரா எரிய வேண்டியதில்லை.

நம் புகையா, அவர்கள் புகையா என்று நீங்களே ஓரளவு கணிக்கலாம். சுற்றுச்சூழல் துறையின் ஐபியு பக்கத்தில் ஜொஹான் செத்தியா, கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, செராஸ் நிலையங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஜொஹான் செத்தியா மட்டும் 100-ஐத் தாண்டி, மற்றவை சாதாரணமாக இருந்தால், தீ பெரும்பாலும் பக்கத்தில்தான். எல்லாம் ஒன்றாக ஏறி, காற்றும் தென்மேற்கிலிருந்து வீசினால், நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு செராஸும் பெட்டாலிங் ஜெயாவும்தான் கைக்கெட்டும் நிலையங்கள்.

இன்னொன்று: நுண்துகளுக்கான ஐபியு 24 மணி நேரச் சராசரி. காலையில் புகை நாற்றம் மூக்கைத் துளைக்கும்போதும் திரையில் 80 என்றே இருக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஜன்னலையும் திறந்து பாருங்கள்.